உன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம்

எஸ்தர் கண்ணு,

உன் அமெரிக்கப் படிப்பு விண்ணப்பத்தை வைத்து நீ என்னிடம் விட்டுப்போன கவரைப் பதினெட்டு நாளாக வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து இரண்டு நாளில் அனுப்பச் சொன்னாய். அப்புறம் இரண்டு கார்டு போட்டுக் கேட்டாய். இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தபாலும் எங்கேயும் தவறிப்போகவில்லை. பயந்துபோய் வைத்திருந்தேன். எதற்குப் பயந்தேன் என்பதை எழுதினால் நீளும். ஹாஸ்டல் அறையில் நீ தனியாக இருக்கும்போது படி. கூடத் தங்கியிருக்கும் பெண் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு படிக்காதே.

கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்திருந்தபோது, சாப்பிடும் நேரத்தில் இந்தப் படிப்பைப் பற்றி அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாய். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று கேட்டதும் அம்மா அதை டாக்டர் படிப்பு என்றே நினைத்துவிட்டாள். சர்ச்சில் நாலு பேரிடம், மகள் ஆபரேஷன் படிக்க அமெரிக்கா போகிறாள் என்றும் சொல்லிவிட்டிருந்தாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இருக்கிற லாரி, இருக்கிற சாமான், இருக்கிற நேரம். இதை வச்சு எல்லாருக்கும் எப்படிப் போய்ச் சேக்கறதுன்னு கணக்குப் போடற படிப்பும்மா." நான் சும்மா இருக்காமல், "அதைத்தான நான் ஆபீஸ்ல தெனமும் செய்யறேன்" என்றேன். "அதாம்ப்பா. நீங்க செய்யறதத்தான் நான் படிக்கப் போறேன்" என்று நீ சொன்னாய். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தாலுகா ஆபீசில் சப்ளை செக்‌ஷன் குமாஸ்தா செய்யும் வேலைக்குக் கடல் கடந்து ஒரு படிப்பு இருக்கிறது, அதை என் மகள் படிக்கப் போகிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. நீ பெங்களூருக்கு பஸ் ஏறிய பிறகுதான் கவரைத் திறந்தேன்.

முதல் இரண்டு பக்கங்கள் உன் படிப்பு, மார்க்கு, இப்போது காலேஜில் டியூட்டராக நீ நடத்தும் பாடம். மூன்றாம் பக்கத்தில் நான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தானியம் இல்லாமல் ஜனங்கள் அல்லாடிய சமயத்தில், இரண்டு குடோனையும் மூன்று லாரியையும் வைத்துக்கொண்டு பதினோரு ரேஷன் கடைகளுக்கு உன் அப்பா பென்சிலால் பட்டியல் போட்டதை எழுதியிருந்தாய். அந்தப் பட்டியல்கள் உனக்கு எப்படிக் கிடைத்தன என்பது எனக்கு உடனே புரிந்தது. பேப்பர் கிடைக்காத காலம் அது. நான் போட்ட கரட்டுப் பட்டியல்களை, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், நீ கணக்குப் போட்டுப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ பின்பக்கம் கணக்குப் போட்டுவிட்டு முன்பக்கத்தையும் படித்திருக்கிறாய். பத்திரமாக எடுத்து வைத்துமிருக்கிறாய். அதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதே லாரிகளைக் கொண்டு எல்லாக் கடைகளுக்கும் எப்படி முன்னதாகச் சேர்த்திருக்கலாம் என்று காட்டியிருந்தாய். எங்கேயும் என்னைக் குறை சொல்லவில்லை. உதவிக்கு ஆள் இல்லாமல் ஒரு தனி மனிதர் இவ்வளவு செய்திருக்கிறார் என்று பெருமையாகத்தான் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. ஒரே ஒரு வாரம் மட்டும் மலைமேல் இருக்கும் கடைக்குப் பட்டியலில் லாரி இருந்தும் போய்ச் சேரவில்லை, அதற்குக் காரணம் மழை என்று.

அந்த வரியைப் படித்ததும் காகிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். ஆபீஸ் காகிதத்தில் இருந்த விவரம் அந்நிய தேசத்துக்குப் போகிறதே, யாராவது கண்டுபிடித்தால் ரிட்டையராக ஏழு மாதம் இருக்கும்போது என்ன ஆவது என்ற பயம் முதலில் வந்தது. அது உண்மையான பயம்தான், அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அது மேலாக இருந்த பயம். அடியில் இருந்தது வேறு. அந்த வாரம் லாரி போகாததற்கு மழை காரணமில்லை, கண்ணு. நான்தான் காரணம். அது உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

நீ பிறந்த நாளிலிருந்தே நான் பயந்தவன்தான். பத்தாவது படிக்கும்போது உன் ஹெட்மிஸ்ட்ரஸ் உன்னைக் கணக்குப் போட்டிக்காக சேலத்துக்கு அழைத்துப்போக இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று காலையில் நீ ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாய். பஸ் கவிழ்ந்துவிடுமோ, கூட்டத்தில் நீ தொலைந்துவிடுவாயோ என்று என்னென்னவோ தோன்றிவிட்டது. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதி அனுப்பிவிட்டேன். நீ அழவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் காய்ச்சல் இல்லியேப்பா" என்று மட்டும் கேட்டாய். அப்புறம் மெட்ராசில் ஆனர்ஸ் படிக்க இடம் கிடைத்தபோதும், பெங்களூர் என்றால் எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டினால் வந்துவிடுகிறது, மத்தியானம் கிளம்பினால் சாயங்காலம் உன் முன்னால் நிற்கலாம் என்று சொல்லி அங்கே சேர்த்தேன். உன் நன்மைக்கு என்று சொன்னேன். என் பயத்துக்குச் செய்தேன்.

இப்போது அந்த வாரத்தைச் சொல்கிறேன். டவுன் கடையில் நான்கு நாளாகச் சரக்கு இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மைலோ என்கிற சிவப்புச் சோளமும் கோதுமையும்தான் அப்போது எல்லாருக்கும் சோறு. ஜூஜுவாடி எல்லைக்கு அந்தப் பக்கம் தானியம் இருந்தது, இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சட்டமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போனபோது வாசலில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், கையில் பையோடு. தாசில்தார் கேம்ப் போயிருந்தார். உள்ளே என்னைத் தவிர இரண்டு பியூன்கள். பின்கட்டில் ஒண்டிமரத்தொட்டிக்குப் போகவேண்டிய லாரி மூட்டை ஏற்றித் தயாராக நின்றது. ஒண்டிமரத்தொட்டி என்பதுதான் நீ எழுதியிருக்கும் மலைக்கடை. அந்தக் கடைக்கு அதற்கு முந்தின வாரமே சரக்குப் போகவில்லை. லாரி ஏறி இறங்க இரண்டு நாள் ஆகும் என்பதால் எப்போதும் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

யாரோ ஒரு கல்லை எறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்து என் மேஜைமேல் விழுந்தது. யார்மேலும் படவில்லை. பட்டியலை எடுத்தேன். ஒண்டிமரத்தொட்டி என்பதை அடித்து, டவுன் கடை என்று எழுதினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை. டிரைவர் முனியப்பாவை உனக்குத் தெரியும், நம் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுவருவாரே, அவர்தான். லாரியை விட்டு இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "சார், மழ மோடம் கட்டுது. இன்னிக்கு ஏறலன்னா அப்பறம் ஆவாது" என்றார். "இங்க கூட்டத்தப் பாத்தீங்களா முனியப்பா" என்றேன். "பாத்தேன் சார். அங்க இருக்கறவங்க கூட்டம் போட இங்க வர முடியாது" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

லாரி டவுன் கடைக்குப் போனது. கூட்டம் அதன் பின்னாலேயே போய்விட்டது. அரைமணி நேரத்தில் வாசல் காலி. நான் டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். அது நன்றாக இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. மலைப்பாதையில் இருந்த தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. பட்டியலில் இருந்தபடி செவ்வாய்க்கிழமை லாரி கிளம்பியிருந்தால் சாயங்காலம் மேலே மூட்டை இறங்கியிருக்கும்.

பாதை திறந்ததும் முனியப்பாதான் முதலில் ஏறினார். திரும்பி வந்து, இரண்டு பேர் இறந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு கிழவர், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. தானியம் வராததால் காட்டில் கிழங்கு தோண்டித் தின்றிருக்கிறார்கள். அதில் ஒரு வகையைத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டால்தான் விஷம் போகும். பசித்த பிள்ளைகள் அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. நான் ரிப்போர்ட் எழுதினேன். மழையால் லாரி செல்ல இயலவில்லை என்று எழுதினேன். காய்ச்சலால் இரண்டு மரணம் என்று எழுதினேன். உன் லீவ் லெட்டரில் எழுதிய அதே வார்த்தை அது என்பது எழுதும்போதே எனக்குத் தோன்றியது. தாசில்தார் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பட்டியலின் நல்ல பிரதியில் நான் அடித்து எழுதியதை யாரும் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கரட்டுப் பிரதியில் மட்டும் ஒண்டிமரத்தொட்டி அப்படியே இருந்துவிட்டது. அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். லாரி போகாததற்கு மழை காரணம் என்பது நான் அப்போது வீட்டிலும் சொன்ன பொய்.

இதையெல்லாம் அம்மாவிடம் மூன்று வருடமாகச் சொல்லவில்லை. உன் இரண்டாவது கார்டு வந்த அன்று அவளே கேட்டாள். "புள்ள கெஞ்சிக் கேட்டு எழுதுது. ஏங்க அனுப்ப மாட்டேங்கறீங்க? அவ போறது பிடிக்கலியா?" சொல்லிவிட்டேன். ஸ்கூல் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "நீங்க பயந்து பயந்து செஞ்சதுக்கெல்லாம் நான் கூட நின்னேன். சேலத்துக்கு அனுப்பாதப்பவும் வாயைத் தெறக்கல. இதுக்கு நிக்க மாட்டேங்க" என்றாள். நான், "இப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றேன். "எனக்குத் தெரியாது. அந்தக் கொழந்தையோட அப்பன் உசுரோட இருக்கானான்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மலையடிவாரத்தில் இறங்கினேன். முனியப்பா அங்கே எனக்காகக் காத்திருந்தார். நான் வரச் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் அப்பாவைப் பற்றி நான் லாரி டெப்போவில் விசாரித்ததை யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு வந்திருந்தார். "தனியா போவ வேணாம் சார். அவரு கன்னடம்தான் பேசுவாரு, நடுநடுவுலதான் தமிழ் வரும்" என்றார். இரண்டு பேரும் நடந்தோம். பாதி வழியில் கேட்டேன், நான் பட்டியலை மாற்றியதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. "சொன்னா உங்களுக்கு வேல போயிருக்கும் சார். கொழந்த திரும்பி வந்திருக்குமா?" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா அதுக்கப்பறம் உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசு வரல" என்றார். அப்போதுதான் உறைத்தது, மூன்று வருடமாக நம் வீட்டுக்குப் பலாப்பழம் வரவில்லை.

குழந்தையின் அப்பா பெயர் சிக்கண்ணா. உச்சி வெயிலில் ராகிக் கொல்லைக்கு மூங்கில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் தமிழ் அவருக்குப் புரியாத இடத்தில் முனியப்பா கன்னடத்தில் சொன்னார். சொல்லி முடித்தபிறகும் அவர் வேலி கட்டுவதை நிறுத்தவில்லை. அடிப்பாரோ என்று பயந்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. நாலைந்து முடிச்சுப் போட்டபிறகு கன்னடமும் தமிழுமாகப் பேசினார், கன்னடத்தை முனியப்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

"பட்டியல மாத்துனது நீங்களோ மழையோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சாமி. லாரி வராதுன்னு ஒரு ஆளு நடந்து வந்து சொல்லியிருந்தா, மூணாம் நாளே நாங்க கீழ எறங்கிருப்போம். என் மாமன் ஊரு கீழதான். கூழாவது குடிச்சிருப்போம். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இங்கியே உக்காந்திருந்தோம். எல்லாரும் போயிட்டா நம்ம பங்கு போயிரும்னு உக்காந்திருந்தோம்."

தரைப்பாலம் போனது லாரிக்குத்தான். மழை விட்ட இரண்டாம் நாள் காட்டுப் பாதையில் ஆள் நடந்து போகலாம், ஒரு பகல் நடை. ஆபீசில் இரண்டு பியூன்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனை அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை. சரக்கு இல்லாதபோது சொல்லி அனுப்புவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன். நினைத்தேனோ இல்லையோ, அதுகூட இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது சிக்கண்ணா, "நீங்க எழுதுன காயிதத்துல எம் மக பேரு இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கெம்பி. எழுதிக்குங்க" என்றார். அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன். எழுத்தை அவரால் படிக்க முடியாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒரு மனு எழுதினேன். அந்த வாரம் நடந்ததை நடந்தபடி எழுதி, என் ரிப்போர்ட் தவறு என்று எழுதி, கெம்பியின் பெயரையும் எழுதி, அந்தப் பட்டியல் விவரங்களை என் மகள் தன் மேற்படிப்பு விண்ணப்பத்தில் சேர்க்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டேன். இப்போது இருக்கும் தாசில்தார் புதிதாக வந்த சின்ன வயதுக்காரர். படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "ரிட்டையராக எத்தனை மாசம் இருக்கு உங்களுக்கு?" "ஏழு மாசம் சார்." "இதை எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கலன்னு வச்சுக்குவோம்." அந்தக் காகிதம் என் பக்கமாக மேஜையில் நகர்ந்து வந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "நீங்க பாக்கணும் சார்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. இன்று சாயங்காலம் மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாளை காலை பத்து மணிக்கு நான் அங்கே ஆஜராக வேண்டும்.

மூன்றாம் பக்கத்தைப் பற்றி நீ என்னைக் கேட்டிருந்தாய், நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதாக. எடுக்காதே. பட்டியல் விவரங்களுக்கு அனுமதி வராவிட்டால் எண்களை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுது. மழை என்று எழுதாதே. அந்த இடத்தில் என்ன எழுதுவாய் என்பது உன் இஷ்டம். என்னைப் பெருமையாக எழுதியிருக்கும் வரிகளையும் இனி நீ நினைக்கிறபடி மாற்றிக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். சிக்கண்ணா சொன்னதையும் உன் படிப்பில் வைத்துப் பார். லாரிக்குக் கணக்கு இருக்கிறது, மூட்டைக்கு இருக்கிறது, பாதைக்கு இருக்கிறது. வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் ஒரு இடம் இருக்கிறதா? இருந்தால் அதைப் படி. இல்லையென்றால் அங்கே இருக்கும் புரொபசர்களிடம் கேள்.

நீ போவதைப் பற்றி என் பயம் குறையவில்லை. குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கடல்மேல் அத்தனை நேரம் விமானம் பறப்பதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பனியில் நீ வழுக்கி விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்கள் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். மத்தியானம் கிளம்பினால் சாயங்காலம் உன் முன்னால் நிற்க முடியாது. நீயும் அங்கே பயப்படுவாய், என் மகள்தானே. பயம் வரும்போது எதையும் தனியாக உட்கார்ந்து அடித்து எழுதாதே. யாரையாவது கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். அன்று அந்த இருநூறு பேரிடம் நான் வெளியே வந்து, இந்த லாரி மலைக்குப் போக வேண்டியது, அங்கே இரண்டு வாரமாக ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார்களோ மாட்டார்களோ. நான் அவர்களிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

உன் கவரை இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன். நாளை எனக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்பலாம் என்று நீ நிறுத்திவைக்காதே. கையில் கிடைத்த அன்றே மூன்றாம் பக்கத்தைத் திருத்தி டைப் அடித்து அனுப்பிவிடு. அவர்கள் என்னை வேலையை விட்டு நிறுத்தலாம், விசாரணை வைக்கலாம், ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்பவும் செய்யலாம். எனக்கு நிஜமாகவே தெரியாது. அம்மா லீவு போட்டுக்கொண்டு என்னோடு வருகிறாள். வெளியே வந்ததும் நேராகத் தபாலாபீசுக்குப் போய் உனக்குத் தந்தி கொடுப்போம். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி கொடுப்போம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் எங்களை அனுப்பிவிட்டால், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று தந்தி வரும்.

அப்பா